பெயர் ஒன்று, கைகள் பல: எடோ காலத்து மரப்பலகை அச்சுப்படங்களில் ஆக்க உரிமையும் கூட்டுழைப்பும்

ஆய்வுச் சுருக்கம்

ஜப்பானின் எடோ காலத்தில் (1603-1868) தழைத்த ‘உகியோ-எ’ எனும் மரப்பலகை அச்சுப்படங்கள் இன்று ஓவியர்களின் பெயரால் மட்டுமே அறியப்படுகின்றன. பதிப்பாளர், ஓவியர், செதுக்குநர், அச்சிடுநர் ஆகிய நால்வரின் உழைப்பால் உருவான இப்படங்களில் ஓவியரின் பெயர் மட்டும் எவ்வாறு நிலைபெற்றது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. 1765-ஆம் ஆண்டின் நாட்காட்டிப் படங்கள், செதுக்குநர் குறித்து ஹொகுசாய் எழுதிய கடிதங்கள், அச்சுப்படிகளுக்கு இடையிலான வேறுபாடுகள், தாள்களிலுள்ள முத்திரைகள் ஆகியவை சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன. ஓவியரின் தனிப்பெயர் முதன்மை பெற்றது உற்பத்தி முறையின் இயல்பான விளைவன்று. சந்தை, தணிக்கை, பிற்காலக் கலை வரலாற்று எழுத்து ஆகியவற்றின் விளைவு என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: உகியோ-எ, மரப்பலகை அச்சு, ஹொகுசாய், ஹிரோஷிகே, செதுக்குநர், பதிப்பாளர், ஆக்க உரிமை.

முன்னுரை

கத்சுஷிகா ஹொகுசாயின் ‘கனகாவாவின் பேரலை’ எனும் படத்தை அறியாதார் இன்று அரியர். அருங்காட்சியகங்களிலும் நூல்களிலும் அப்படத்தின்கீழ் ஹொகுசாயின் பெயர் காணப்படும். ஆயினும் இன்று நாம் காணும் தாள் எதிலும் ஹொகுசாயின் தூரிகை பட்டதில்லை. அவர் வரைந்த மூல வரைவு பலகை செதுக்கப்பட்டபோதே அழிந்துபோயிற்று. தாளில் தெரியும் கோடு செதுக்குநரின் கத்தி விட்டுவைத்த மரவிளிம்பு. வண்ணம் அச்சிடுநரின் கை பூசியது. படத்தை வரையச் செய்து, பலகைக்கும் தாளுக்கும் பணம் இட்டவர் பதிப்பாளர். எனில், ‘ஹொகுசாயின் படம்’ என்னும் தொடரில் வரும் ஆறாம் வேற்றுமை எவ்வகை உடைமையைக் குறிக்கிறது?

இவ்வினா புதியதன்று. டச்சு ஆய்வாளர் வோல்கர் 1949-இல் வெளியிட்ட நூலொன்று பதிப்பாளர், ஓவியர், செதுக்குநர், அச்சிடுநர் ஆகியோரை ‘உகியோ-எ நால்வர்’ எனத் தலைப்பிலேயே குறித்தது. அதன்பின் நால்வர் கூட்டு என்னும் கருத்து பாடநூல்களில் இடம்பெற்றுவிட்டது. ஆயினும் பெரும்பாலான நூல்களில் அது தொழில்நுட்பம் பற்றிய முதல் இயலோடு நின்றுவிடுகிறது; அடுத்த இயல் முதல் ஓவியர்களின் வரலாறே தொடர்கிறது. கூட்டுழைப்பு என்பது படத்தைப் படிக்கும் முறையை மாற்றவேண்டிய செய்தி என இக்கட்டுரை கருதுகிறது. அச்செய்திக்கான சான்றுகள் பெரும்பாலும் தாளிலேயே உள்ளன.

1. 1765: நாட்காட்டிப் படங்களும் கருத்தாளர் பெயரும்

பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஹிஷிகாவா மொரொநொபு (இறப்பு 1694) முதலானோரின் தனித்தாள் படங்கள் கருமையால் மட்டும் அச்சிடப்பட்டன. வண்ணம் வேண்டின் கையால் பூசப்பட்டது. 1740-களில் இளஞ்சிவப்பு, பச்சை என இரண்டு மூன்று வண்ணங்களைப் பலகைகொண்டே அச்சிடும் முறை பரவிற்று. முழுவண்ண அச்சு 1765-இல் தோன்றியது. பட்டுச்சரிகை போன்ற படம் என்னும் பொருளில் அது ‘நிஷிகி-எ’ எனப்பட்டது.

இம்மாற்றம் சந்தையில் தொடங்கவில்லை என்பது கருதத்தக்கது. அக்கால ஜப்பானிய நாட்காட்டியில் முப்பது நாள் கொண்ட நெடுமாதங்களும் இருபத்தொன்பது நாள் கொண்ட குறுமாதங்களும் ஆண்டுதோறும் வரிசை மாறி வந்தன. நாட்காட்டி வெளியிடும் உரிமை அரசின் ஒப்புதல் பெற்ற சிலருக்கே இருந்தது. ஆகவே, எடோ நகரின் கவிதைக் குழுவினர் மாதங்களின் எண்களை ஆடையின் கோலத்திலோ வேறு பொருள்களிலோ மறைத்து வைத்த படங்களை அச்சிடச்செய்து, புத்தாண்டில் தமக்குள் பரிமாறிக்கொண்டனர். கியோசென் என்னும் புனைபெயர் கொண்ட ஒகுபோ ஜின்ஷிரோ எனும் சாமுராய் இத்தகைய குழுவொன்றின் தலைவர். செலவைப் பொருட்படுத்தாத இக்குழுவினரின் போட்டியே உயர்ந்த தாளும், விலைமிக்க வண்ணங்களும், பல பலகைகளும் ஒருசேரப் பயன்படக் காரணமாயிற்று. அவர்களுக்குப் படம் வரைந்தவருள் தலையாயவர் சுசுகி ஹருநொபு (இறப்பு 1770).

இந்நாட்காட்டிப் படங்களில் காணப்படும் பெயர்களே நம் வினாவுக்கு முதற்சான்று. பல தாள்களில் ‘கியோசென் கருத்து’ என்னும் பொருள்பட அப்புரவலரின் பெயர் பொறிக்கப்பட்டுள்ளது. சிலவற்றில் ஓவியரின் பெயரே இல்லை. வேறு சிலவற்றில் கருத்தாளர், ஓவியர், செதுக்குநர், அச்சிடுநர் ஆகிய நால்வர் பெயரும் உள்ளன. முழுவண்ண அச்சின் பிறப்பிடத்தில் ஆக்க உரிமை ஓவியருக்கு மட்டும் உரியதாகக் கருதப்படவில்லை என்பதை இது காட்டுகிறது. படத்தை எண்ணியவரே அதன் ஆக்குநராகவும் கருதப்பட்டார்.

அடுத்த நிகழ்வு இன்னும் தெளிவானது. நாட்காட்டியின் பயன் முடிந்தபின் அப்பலகைகள் வணிகப் பதிப்பாளர்களின் கைக்குச் சென்றன. அவர்கள் மாத எண்களையும் புரவலர் பெயரையும் கைவினைஞர் பெயர்களையும் பலகையிலிருந்து நீக்கிவிட்டு அப்படங்களை மீண்டும் அச்சிட்டு விற்றனர். ஒரே பலகை, ஒரே கோடு. பெயர்கள் மட்டும் மாறின. கொடையாக வழங்கப்பட்டபோது தாள் தன்னை உருவாக்கியோரின் பெயரைச் சுமந்தது; கடைச்சரக்கானபோது விற்பனைக்கு உதவும் பெயர் மட்டும் போதுமாயிற்று.

2. பதிப்பாளர்: பலகையின் உடைமையாளர்

வணிக உகியோ-எ உற்பத்தியின் மையம் ‘ஹன்மோதோ’ எனப்பட்ட பதிப்பாளர். ‘பலகைக்கு மூலமானவர்’ என்பது அச்சொல்லின் பொருள். எந்தப் பொருளில் படம் வேண்டும், யார் வரைவது, எத்தனை வண்ணம், எத்தகைய தாள், எத்தனை படிகள் என்பவற்றை அவரே முடிவு செய்தார். ஓவியருக்கும் செதுக்குநருக்கும் அச்சிடுநருக்கும் கூலி தந்தவர் அவரே. செதுக்கிய பலகை அவரது உடைமை. பலகையை வைத்திருப்பவருக்கே மீண்டும் அச்சிடும் உரிமை. பிறருக்கு விற்கவும் கூடிய சொத்தாக அது கருதப்பட்டது. இன்றைய பொருளில் ஓவியருக்குப் பதிப்புரிமை என ஒன்று இருக்கவில்லை.

தொஷூசாய் ஷராகு இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. 1794-1795-இல் ஏறத்தாழப் பத்து மாதங்களுக்குள் அவர் பெயரில் 140-க்கும் மேற்பட்ட படங்கள் வெளிவந்தன. பின்னர் அப்பெயர் மறைந்துபோயிற்று. அவர் யார் என்பது பற்றிய விவாதம் நெடுங்காலமாக நடந்துவந்துள்ளது. ஆயினும் அப்படங்களைப் பிணைக்கும் உறுதியான செய்தி ஒன்றுண்டு. அவற்றை வெளியிட்டவர் சுதாயா ஜூசபுரோ (1750-1797) என்னும் ஒரே பதிப்பாளர். முதல் தொகுதிப் படங்களில் நடிகர்களின் பெரிய முகங்களுக்குப் பின்னே அப்பிரகப் பொடி கலந்த கருமின்னல் பின்னணி அமைந்துள்ளது. அறிமுகமில்லாத ஒருவரின் படங்களுக்கு இத்தகைய செலவுமிக்க அச்சு வாய்த்தது பதிப்பாளரின் துணிவால்தான். கிதகாவா உதமாரோவின் பெண் முகப் படங்கள் பலவும் சுதாயாவின் கடையிலிருந்தே வெளிவந்தன. ஓவியரின் வரலாறாக எழுதப்படுவதன் ஒரு பகுதி உண்மையில் இப்பதிப்பாளரின் தேர்வுகளின் வரலாறு.

வண்ணத் தேர்விலும் இதைக் காணலாம். ஹொகுசாயின் ‘புஜி மலையின் முப்பத்தாறு காட்சிகள்’ 1830-களின் தொடக்கத்தில் நிஷிமுராயா யோஹாச்சியால் வெளியிடப்பட்டது. விற்பனை சிறந்ததால் பத்துப் படங்கள் கூட்டப்பட்டுத் தொகுதி நாற்பத்தாறாக வளர்ந்தது. அக்காலத்தில் புதிதாகப் பரவிய ‘பெரோ-ஐ’ எனும் பிரஷ்ய நீலமே இத்தொகுதியின் கவர்ச்சி. 1831-இல் வெளிவந்த கதைநூலொன்றின் இறுதியில் பதிப்பாளர் செய்த விளம்பரம், இப்படங்கள் நீல அச்சாக வருவதை எடுத்துரைத்தது. முதல் முப்பத்தாறு படங்களின் தொடக்க அச்சுகளில் புறக்கோடும் கருமைக்கு மாறாக நீலத்திலேயே உள்ளது. பின்னர்க் கூட்டிய பத்தின் புறக்கோடு கருமை. ஓவியரின் அழகுணர்வு எனப் போற்றப்படும் நீலம், புதுச்சரக்கை அறிமுகம் செய்த ஒரு வணிகரின் கணக்கும் ஆகும். இவ்விரண்டையும் பிரித்தறிய இயலாது. பிரிக்கவேண்டிய தேவையும் இல்லை.

3. செதுக்குநர்: அழிந்த வரைவும் எஞ்சிய கோடும்

ஓவியர் மெல்லிய தாளில் மையால் வரைந்த இறுதி வரைவு ‘ஹன்ஷிதா-எ’ எனப்பட்டது. தணிக்கை ஒப்புதலுக்குப்பின் அது செதுக்குநரிடம் சென்றது. அவர் அத்தாளை மலைச்செர்ரி மரப்பலகையில் முகம் கவிழ ஒட்டி, கோடு தெளிவாகத் தெரியும்வரை தாளின் பின்புறத்தை மெல்ல உரித்தார். பின்னர்க் கோட்டின் இருமருங்கும் கத்தியால் கீறி, இடைப்பட்ட மரத்தை உளியால் அகற்றினார். செதுக்கி முடிந்தபோது கோடு புடைத்து நின்றது, வரைவு இல்லாமற்போயிற்று. இன்று எஞ்சியுள்ள ஹன்ஷிதா வரைவுகள் பலகைக்குச் செல்லாமல் நின்றுபோனவை. ஆக, அச்சான படம் எதற்கும் ‘மூலம்’ இல்லை, அச்சே மூலம்.

செதுக்குநர் கோட்டை அப்படியே பின்பற்றினார் என்பதும் முழு உண்மையன்று. பட்டறைக்குள்ளேயே பணிப்பிரிவு இருந்தது. தலைமைச் செதுக்குநர் முகத்தையும் கூந்தலையும் செதுக்கினார். ஆடை, பின்னணி முதலியவை இளையோரின் பணி. நெற்றியோரத்து முடிவிளிம்பைச் செதுக்குவது இக்கலையின் உச்சமாகக் கருதப்பட்டது. ஒரு மில்லிமீட்டருக்குள் இரண்டு மூன்று கோடுகள் நிற்கவேண்டும். ஓவியர்கள் இப்பகுதியைப் பெரும்பாலும் திரளாக மட்டும் குறித்துவிட்டனர். மயிரிழை ஒவ்வொன்றையும் கண்டவர் செதுக்குநரே. உதமாரோவின் பெண்களுடைய கூந்தல் அழகைப் புகழும்போது நாம் புகழ்வது பெயரறியா ஒரு கைவினைஞரையும் சேர்த்தே.

இவ்வுறவின் இயல்பை ஹொகுசாய் நன்கறிந்தவர். அவர் இளமையில் செதுக்கும் தொழிலைப் பயின்றவர். 1830-களின் நடுப்பகுதியில் எடோவிலிருந்து விலகி வாழ்ந்த காலத்தில், நூலோவியங்கள் தொடர்பாகப் பதிப்பாளருக்கு அவர் எழுதிய கடிதங்கள் எஞ்சியுள்ளன. தம் படங்களை எகாவா தொமெகிச்சி என்னும் செதுக்குநரிடமே தரவேண்டும் என அவர் வற்புறுத்துகிறார். வேறு செதுக்குநர்கள் தாம் வரையாத கீழிமைக் கோட்டைக் கண்ணில் சேர்த்துவிடுவதையும், மூக்கைத் தம் பாணியில் விடாமல் அக்காலத்தில் செல்வாக்குப் பெற்றிருந்த உதாகவா பள்ளியின் பாணியில் அமைத்துவிடுவதையும் குறைகூறி, இரண்டுக்குமுள்ள வேறுபாட்டை வரைந்தே காட்டுகிறார்.

இக்கடிதங்களை ஓவியரின் நுண்ணுணர்வுக்குச் சான்றாகக் காட்டுவது வழக்கம். அவற்றை எதிர்த்திசையிலும் படிக்கலாம். செதுக்குநரின் பயிற்சியும் பழக்கமும் ஓவியரின் பாணியையே மாற்றவல்லனவாக இருந்தன என்பதாலேயே அக்கடிதம் எழுதப்பட்டது. மேலும், ஓவியர் நேரடியாகச் செதுக்குநருக்கு ஆணையிடவில்லை, பதிப்பாளரிடம் வேண்டுகிறார். யார் செதுக்குவது என்பதை முடிவுசெய்யும் அதிகாரம் எவரிடம் இருந்தது என்பது இதனால் விளங்கும். 1834-இல் வெளிவரத் தொடங்கிய ‘புஜி மலையின் நூறு காட்சிகள்’ நூலில் எகாவா தொமெகிச்சியின் பெயர் அச்சிடப்பட்டுள்ளது. ஓவியரின் மதிப்பைப் பெற்ற செதுக்குநர் நூலின் இறுதிப் பக்கத்தில் இடம்பெற முடிந்தது. தனித்தாள் படங்களில் அவ்வாய்ப்பு அரிது.

4. அச்சிடுநர்: ஒவ்வொரு தாளும் ஒரு முடிவு

கோட்டுப் பலகையிலிருந்து முதலில் சில கருமைப் படிகள் எடுக்கப்பட்டன. ஓவியர் ஒவ்வொரு படியிலும் ஒரு வண்ணத்துக்குரிய இடங்களைக் குறித்துத் தந்தார். அப்படிகளையே ஒட்டி வண்ணப் பலகைகள் செதுக்கப்பட்டன. கோட்டுப் பலகையின் ஓரத்தில் செதுக்கிய ‘கெந்தோ’ எனும் பொருத்தக்குறிகளும் படியோடு அச்சாகி ஒவ்வொரு வண்ணப் பலகைக்கும் இடம்பெயர்ந்தன. ஒன்று தாளின் மூலையைத் தாங்கும் மடக்குக்குறி. மற்றது தாளின் ஓரத்தைத் தாங்கும் நேர்க்குறி. பத்து முதல் இருபது முறை வரை பலகை மாறும் ஒரு தாளில் வண்ணம் விலகாமல் விழுவதற்கு இவ்விரு சிறு வெட்டுகளே அடிப்படை.

தாள் கோஸோ செடியின் பட்டை நாரால் ஆனது. மை ஊறிப் பரவாதிருக்கப் படிகாரமும் வச்சிரமும் கலந்த கரைசல் அதில் பூசப்பட்டது. அச்சுப்பொறி எதுவும் இல்லை. அச்சிடுநர் பலகையில் வண்ணத்தையும் அரிசிப் பசையையும் தூரிகையால் பரப்பி, ஈரமூட்டிய தாளைக் குறிகளில் பொருத்தி, பின்புறத்தைப் ‘பாரென்’ எனும் வட்டத் தேய்ப்பானால் தேய்த்தார். முறுக்கிய மூங்கில் உறைநாரைச் சுருளாகச் சுற்றி, மேலே மூங்கில் உறையால் கட்டப்பட்டது பாரென். அதன் அழுத்தம், பசையின் அளவு, தாளின் ஈரம் ஆகிய மூன்றும் வண்ணத்தின் ஆழத்தை முடிவுசெய்தன. இருநூறு தாள்கள் ஓர் அச்சுத்தொகுதியாகக் கணக்கிடப்பட்டன.

இங்கு ஓவியரின் கட்டுப்பாடு மேலும் தளர்கிறது. வண்ணம் அடர்த்தியிலிருந்து மெல்ல வெளிறும் ‘பொகாஷி’ முறை பெரும்பாலும் பலகையில் செதுக்கப்படுவதில்லை. பலகையை ஈரத்துணியால் துடைத்து, தூரிகையின் ஒரு பக்கத்தில் மட்டும் வண்ணமேற்றி, அச்சிடுநர் கண்ணளவில் அதை உருவாக்கினார். உதாகவா ஹிரோஷிகேவின் ‘எடோவின் நூறு புகழிடங்கள்’ (1856 முதல்) தொகுதியில், 1857-இல் வெளிவந்த ஷின்-ஓஹாஷி பாலத்துத் திடீர் மழைக் காட்சியை எடுத்துக்கொள்வோம். மழைக்கோடுகள் இரு தனிப் பலகைகளில் சற்றே மாறிய சாய்வில் செதுக்கப்பட்டு ஒன்றன்மேல் ஒன்றாக அச்சிடப்பட்டன. அது செதுக்குநரின் திறம். ஆனால் வானத்தின் மேல்விளிம்பில் கவியும் கருமுகிலுக்குப் பலகையில் உருவமே இல்லை. அது அச்சிடுநரின் கை. ஆகவே முகிலின் வடிவம் படிக்குப்படி மாறுகிறது. தொலைவில் இரு படகுகள் தெரியும் படிகளும் அவை இல்லாத படிகளும் உள்ளன. 1887-இல் வின்சென்ட் வான்கோ எண்ணெய் வண்ணத்தில் படியெடுத்தது இப்படத்தையே. இவற்றுள் எது ‘ஹிரோஷிகேவின் படம்’ என்னும் வினாவுக்கு ஒற்றை விடை இல்லை.

ஹொகுசாயின் ‘செம்புஜி’ இன்னும் கூர்மையான சான்று. தென்காற்றும் தெளிந்த வானும் என்னும் பொருள்பட்ட தலைப்புடைய இப்படத்தின் தொடக்க அச்சுகளில் மலை மென்மையான இளஞ்செம்மையில் உள்ளது. வானும் ஒரே சீராக இல்லை. பிற்கால அச்சுகளில் மலை அடர்ந்த செந்நிறமாயிற்று. மக்கள் வழக்கில் நிலைத்த பெயர் பிற்கால அச்சுகளுக்கே முழுமையாகப் பொருந்துகிறது. ஒரு படத்தின் புகழ்ப்பெயரே அச்சுக்கூடத்தில் நிகழ்ந்த வண்ணமாற்றத்தால் அமைந்தது எனின், அச்சிடுநரின் பங்கை வெறும் படியெடுப்பு எனக் கொள்ள இயலாது.

5. முத்திரைகள்: தாள் தரும் வாக்குமூலம்

தாளில் ஓவியரின் கையொப்பத்தோடு வேறு சில குறிகளும் உள்ளன. பதிப்பாளரின் கடைச்சின்னம் அவற்றுள் ஒன்று. தணிக்கை முத்திரை மற்றொன்று. 1790-களின் தொடக்கத்திலிருந்து ‘கிவாமே’ எனும் ஒப்புதல் முத்திரை பதிப்பாளர் சங்கத்தின் ஆய்வாளர்களால் இடப்பட்டது. 1840-களில் இப்பணி நகர வட்டத் தலைவர்களிடம் மாற, அவர்களின் பெயர் முத்திரைகள் தோன்றின. 1850-களில் ஆண்டு, மாத முத்திரைகளும் சேர்ந்தன. இன்று படங்களுக்குக் காலம் கணிக்க இம்முத்திரைகளே முதன்மைக் கருவி.

ஆயின் அவற்றைக் காலக்கணிப்புக்கு மட்டும் பயன்படுத்துவது குறைப்பயனே. யாரைப் பொறுப்பாளியாக அரசு கருதியது என்பதையும் அவை காட்டுகின்றன. 1791-இல் சாந்தோ கியோதெனின் கதைநூல்களுக்காக அவருக்கு ஐம்பது நாள் கைவிலங்கும், வெளியிட்ட சுதாயாவுக்குச் சொத்தில் பாதிப் பறிமுதலும் விதிக்கப்பட்டன. 1804-இல் தொயோதோமி ஹிதெயோஷியைச் சித்திரித்த படங்களுக்காக உதமாரோ கைவிலங்கிடப்பட்டார். பதிப்பாளர்களும் தண்டம் கட்டினர். 1842-இல் தெம்போ சீர்திருத்தத்தின்போது நடிகர், கணிகையர் படங்கள் தடைசெய்யப்பட்டதோடு, வண்ண அச்சு ஏழெட்டு முறைக்கு மேற்படலாகாது, விலை பதினாறு மோனுக்கு மிகலாகாது என்றும் வரையறுக்கப்பட்டது. பலகைகளின் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்திய இவ்வாணை, படத்தின் உள்ளடக்கத்தை மட்டுமன்றிக் கைவினைஞரின் உழைப்பளவையும் குறிவைத்தது. செதுக்குநரையும் அச்சிடுநரையும் பெயர் குறித்துத் தண்டிக்காத அரசு, அவர்களின் வேலையைக் குறைத்தது.

இதற்கு மாறான போக்கொன்றும் அடுத்த பத்தாண்டுகளில் தெரிகிறது. 1850-களிலும் 1860-களிலும் உதாகவா குனிசதாவின் நடிகர் படங்களில் செதுக்குநரின் பெயர் சிறு சட்டகத்துக்குள் இடம்பெறத் தொடங்கியது. ‘ஹோரி தகெ’ எனப் பொறித்த யோகோகாவா தகெஜிரோ அவர்களுள் புகழ்மிக்கவர். அக்காலச் சந்தையில் நுண்செதுக்கலும் விற்பனைச் சிறப்பாயிற்று என இதனால் கருதலாம். அச்சிடுநரின் பெயர் அப்போதும் மிக அரிதாகவே தோன்றியது. உழைப்பாளருக்குள்ளும் ஒரு படிநிலை இருந்தது என்பது புலனாகிறது.

கைவினைக் களத்தைக் காட்டும் படங்களும் உள்ளன. உதமாரோவும், 1857-இல் குனிசதாவும் அச்சுப்படம் உருவாகும் பணிகளை மூன்றுதாள் படங்களாக வரைந்தனர். அவற்றில் செதுக்குவோரும் அச்சிடுவோரும் அழகிய பெண்களாகக் காட்டப்படுகின்றனர். இவை ‘மிததெ’ எனும் மாற்றுரு விளையாட்டு வகையைச் சார்ந்தவை. உண்மையான பட்டறைகளில் பெரும்பாலும் ஆடவரே பணிபுரிந்தனர். கருவிகள், தாளுக்குக் கரைசல் பூசி உலர்த்தும் முறை முதலியவற்றுக்கு இப்படங்களைச் சான்றாகக் கொள்ளலாம். பணியாளர் யார் என்பதற்குக் கொள்ளலாகாது. கைவினைஞர் தம் உண்மை முகத்தோடு படத்துக்குள் வர இடமில்லாதிருந்தது என்பதையும் இவை உணர்த்துகின்றன.

6. ஒற்றைப் பெயரின் நிலைபேறு

எடோ காலத்திலேயே ஓவியரின் பெயர் விற்பனைப் பெயராக இருந்தது. ஆயினும் அதை முழுமையான ஆக்க உரிமையாக மாற்றியது பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிப்பகுதி. பிரெஞ்சு எழுத்தாளர் எட்மோன் த கோன்கூர், பாரிஸில் வணிகம் செய்த ஹயாஷி ததமசாவின் துணையோடு 1891-இல் உதமாரோ பற்றியும் 1896-இல் ஹொகுசாய் பற்றியும் தனித்தனி நூல்கள் எழுதினார். ஐரோப்பிய ஓவியர் வரலாற்று நூலின் வடிவமே இப்படங்களுக்கும் சட்டகமாயிற்று. சேகரிப்பாளரும் விற்பனையாளரும் பெயரைக் கொண்டே விலை வகுத்தனர்.

ஜப்பானுக்குள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இரு எதிர்நிலைகள் உருவாயின. யாமமோதோ கனாயெ 1904-இல் வெளியிட்ட ‘மீனவர்’ எனும் படத்திலிருந்து தொடங்கும் ‘சோசாகு-ஹங்கா’ (படைப்பு அச்சு) இயக்கம், வரைதல், செதுக்குதல், அச்சிடுதல் மூன்றையும் கலைஞரே செய்யவேண்டும் என்றது. முனகதா ஷிகோ 1956-இல் வெனிஸ் பியன்னாலேயில் அச்சுப்படத்துக்கான பெரும்பரிசைப் பெற்றபோது இந்நோக்கு உலக ஏற்பைப் பெற்றது. மறுபுறம், பதிப்பாளர் வதனபே ஷோசபுரோ (1885-1962) 1915 முதல் ‘ஷின்-ஹங்கா’ (புது அச்சு) என்னும் பெயரில் பழைய நால்வர் முறையை மீட்டெடுத்தார். கவாசே ஹசுயியின் நிலக்காட்சிகள் அவ்வாறே உருவாயின.

இவ்விரண்டுக்கும் இடையே நிற்பவர் யோஷிதா ஹிரோஷி (1876-1950). அவர் படங்களின் ஓரத்தில் ‘தாமே அச்சிட்டது’ எனப் பொருள்படும் ‘ஜிஸுரி’ முத்திரை உள்ளது. ஆயினும் அவர் தம் பட்டறையில் செதுக்குநரையும் அச்சிடுநரையும் அமர்த்தியிருந்தார். முத்திரை குறிப்பது அவரது நேர் மேற்பார்வையையே. கையின் பெயரும் கண்ணின் பெயரும் இங்கு ஒன்றாக்கப்பட்டுவிட்டன. படைப்பு என்றால் தனியாள் செயலே என்னும் எண்ணம் எவ்வளவு வலுப்பெற்றிருந்தது என்பதை இச்சிறு முத்திரை காட்டுகிறது. இவ்வெண்ணத்தைப் பின்னோக்கிச் செலுத்தியே எடோ காலப் படங்களையும் நாம் படித்துவருகிறோம்.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன. முழுவண்ண அச்சின் தொடக்கத்தில் புரவலர், ஓவியர், கைவினைஞர் ஆகியோரின் பெயர்கள் ஒரே தாளில் இடம்பெற முடிந்தது. வணிகப் பதிப்பே அவற்றை நீக்கியது. பலகையின் உடைமையும் உற்பத்தி முடிவுகளும் பதிப்பாளரிடம் இருந்தன. செதுக்கும்போது மூல வரைவு அழிவதால், தாளில் தெரியும் கோடு செதுக்குநரின் வாசிப்பே ஆகும். பொகாஷி முதலிய முறைகளால் ஒவ்வொரு படியும் அச்சிடுநரின் தனி முடிவாகிறது. ஓவியரின் ஒற்றைப் பெயர் இவ்வுற்பத்தியிலிருந்து பிறக்காமல், சந்தையாலும் பிற்கால எழுத்தாலும் அதன்மேல் ஏற்றப்பட்டது.

இதனால் ஹொகுசாயோ ஹிரோஷிகேவோ சிறுமை அடைவதில்லை. தம் வரைவு அழியும் என்றும், பிறர் கைகளில் அது மாறும் என்றும் அறிந்தே வரைந்தவர்கள் அவர்கள். மரத்திலும் தாளிலும் எது நிற்கும் என்பதை முன்னுணர்ந்து கோடிட்டதே அவர்களின் திறம். மாறவேண்டியது ஆய்வாளரின் பழக்கம். ஒரு படத்தைச் சான்றாக எடுத்தாளும்போது ஓவியரின் பெயரோடு பதிப்பாளரையும், தெரிந்தவிடத்துச் செதுக்குநரையும், எந்தப் படி, எத்தகைய அச்சு நிலை என்பதையும் குறிப்பது முதற்படி. பலகைகள் பெரும்பாலும் மீண்டும் இழைக்கப்பட்டு வேறு படங்களுக்குப் பயன்பட்டுவிட்டன. பட்டறைக் கணக்குகளும் மிகுதியாக எஞ்சவில்லை. ஆகவே ஓர முத்திரைகளும், படிகளுக்கிடையிலான வேறுபாடுகளும், கோட்டின் தேய்வும் முறிவுமே அக்கைவினைஞரைப் பற்றி நமக்கு எஞ்சிய ஆவணங்கள். அச்சிட்ட நூல்களில் படத்தின் ஓரத்தை வெட்டிவிடும் வழக்கம் அந்த ஆவணங்களையே வெட்டிவிடுகிறது. தாளை முழுமையாக அச்சிடுவதும் முழுமையாகப் படிப்பதும் இவ்வாய்வுத் துறையின் உடனடித் தேவைகள்.